ஒரே அச்சில் வார்த்த மூக்கு

ஜூன் 2

மூக்கு நாட்டின் பேரரசியும், எண்ணெய்க் கறை படிந்த எட்டுத் திசைகளின் இளவரசியும், என் அக்கா மகளுமான மூக்கரசிக்கு,

உன் மாமன் லேத் மெஷின்மீது கைவைத்து, கிரீஸ் டப்பாவைச் சாட்சிக்கு நிறுத்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு உறுதி கூறுவது யாதெனில்: இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது. நம்புகிறவர் யாராவது அகப்பட்டால் அவரை உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். இந்த உறுதிமொழியை நான் மீறினால் மீதியிருக்கிற கண்ணும்... சரி, அந்தப் பேச்சு இப்போது எதற்கு.

குளிர்காலத்தில் கோபித்துக்கொண்டு ரயில் ஏறியவள், வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஒரு கார்டு போட்டிருக்கிறாய். “மாமா, அன்றைக்கு நான் வாங்கித் தந்த பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டிருந்தீர்களா, இல்லையா? ஒரு வரி பதில் போதும்.” ஒரு வரியா! என் தும்மலே மூன்று வரிக்கு ஓடும் என்பது உனக்குத் தெரியாதா?

நடந்தது இதுதான். அன்று கிரைண்டரில் ஒரு டூலைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரும்புக்குள் பிறவியிலேயே பேராசை பிடித்த ஒரு பிசிறு இருந்தது. கல் பட்டதும் துள்ளி எழுந்தது. ஜன்னல் வழியாக வெளியே பாய்ந்தது. எதிர்ப்பட்ட காக்கையை வழிகேட்டு, காக்கை திமிராகப் பதில் சொன்னதால் அதன் வாலைக் கருக்கிவிட்டு, கடல் தாண்டி, அங்கே ஒரு மலையைத் துளைத்து, களைப்பாறித் திரும்பி வந்தது. பட்டறைக்குள் ஒளிவீசும் பொருள்கள் இரண்டுதான் இருந்தன. ஒன்று பல்பு. மற்றொன்று என் இடது கண். பல்பின் மேல் தூசி. ஆகவே அது என் கண்ணைத் தேர்ந்தெடுத்தது. அதன் ரசனையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

கண்ணாடி? அது டிராயரில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னதையே இப்போதும் சொல்கிறேன்: போடவில்லை, மறந்துவிட்டேன். நீ அதற்கு, “வாங்கிக் குடுத்தாலும் போட மாட்டீங்க, இப்ப அனுபவிங்க!” என்று வார்டே அதிரக் கத்தினாய். பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோய்த் தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவருக்குக் குடல் ஆப்பரேஷன்.

கண்ணாடியின் மேல் சந்தேகமே வேண்டாம். நீ கடையில் உன் முகத்தில் மாட்டிப் பார்த்து வாங்கியது. உனக்குப் பொருந்தியது எனக்குப் பொருந்தாமல் போகுமா? உன்னை அக்கா துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்த நாளில் நடந்ததை நான் சொல்லாத ஆளில்லை. நீ கையை நீட்டி என் மூக்கைப் பிடித்தாய். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் விடவில்லை. மூக்கு ஒரு நூல் வலப்பக்கம் வளைந்தது. கடைசியில் அதில் பாதியைப் பிய்த்து உன் முகத்தில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தாய். அன்றிலிருந்து நம் இருவருக்கும் ஒரே அச்சில் வார்த்த மூக்கு.

இதற்குமேல் ஒரு வரி பதில் கேட்டால் நான் அரசாங்கத்திடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
ஒற்றைக்கண் சக்கரவர்த்தியாகிய மாமா


ஜூன் 13

மாமா,

உங்கள் கடிதம் வந்தது. சிரிக்கவில்லை. (பொய். காக்கை வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். அதற்கும் சேர்த்து உங்கள்மேல் கோபம்.)

போனில் கேட்டால் பாட்டுப் பாடி மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுத்தில் கேட்டேன். எழுத்திலும் அதையே செய்திருக்கிறீர்கள்.

நான் ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இங்கே எனக்கு பீரோ செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோரில் வேலை. தகடு வெட்டுகிறவர்கள், துளை போடுகிறவர்கள், கிரைண்டரில் பாலிஷ் போடுகிறவர்கள் என்று எல்லாரும் வெறும் கண்ணோடு நிற்கிறார்கள். போன வாரம் மேனேஜர் என் மேஜையில் மூன்று மாதிரிக் கண்ணாடிகளை வைத்தார். “நீயே ஒண்ணு தேர்ந்தெடும்மா. எல்லாருக்கும் அதையே வாங்கிடலாம். உங்க மாமா பட்டறை வச்சிருக்காராமே, உனக்குத் தெரியாததா?” என்றார். எனக்கு என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

முதல் கண்ணாடி இலேசானது, பக்கவாட்டிலும் மறைப்பு இருக்கிறது. இரண்டாவது பட்டை வைத்து முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் ஆவி படிந்து மங்குகிறது. மூன்றாவது பார்க்க அழகு, பக்கவாட்டில் திறந்து கிடக்கிறது. எல்லாருக்கும் மூன்றாவதுதான் வேண்டுமாம்.

ஆர்டரில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தால் உங்கள் கட்டுப்போட்ட முகம்தான் வருகிறது. நீங்கள் கண்ணாடி போடவில்லை என்றால், இவர்களைப் போடவைப்பது மட்டும்தான் என் வேலை. லென்ஸ் உடைந்து உள்ளே போனது என்றால், இன்னும் உறுதியான லென்ஸ் வேண்டும். சந்து வழியாக நுழைந்தது என்றால் அது வேறு கதை. நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதை நம்பித்தான் நான் இத்தனை பேர் கண்ணுக்கும் கண்ணாடி வாங்கப்போகிறேன். எனக்குக் காக்கையும் கடலும் வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் பக்கத்து ஷெட் வெல்டர் அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போன் செய்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “பாவம்மா, கண்ணாடியோடதான் தரையில உக்காந்தாரு. நான்தான் கழட்டினேன்.”

அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் உங்கள் சட்டையையும் ஒரு கவரையும் என் கையில் கொடுத்தார். கோபத்தில் பிரிக்கவே இல்லை, பெட்டியின் அடியில் கிடந்தது. நேற்றுப் பிரித்தேன். நான் வாங்கித் தந்த கண்ணாடி. லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மூக்கில் உட்காரும் இடத்தில் துணி சுற்றியிருக்கிறது. அம்மாவின் நீலப் புள்ளிப் புடவைத் துணி. அம்மா போன பிறகு அந்தப் புடவை எங்கே போயிற்று என்று தேடியிருக்கிறேன்.

எதற்கு மாமா அந்தத் துணி?

கண்ணாடி உங்கள் முகத்தில்தான் இருந்தது என்றால், நான் வார்டில் கத்தியதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உங்கள் அக்கா மகள்


ஜூன் 24

வழக்கறிஞர்களுக்கெல்லாம் வழக்கறிஞரான மூக்கரசிக்கு,

முதலில் சாட்சியைக் கவனிப்போம். வெல்டரின் வாக்குமூலம் செல்லாது. பொறியைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு நிலாவே யாரோ பற்றவைத்தது மாதிரித்தான் தெரிகிறது. போன மாதம் என் சைக்கிளை எருமை என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டான். அவன் பேச்சை நம்பி நீ பெட்டியைக் குடைந்தாயே!

துணி விஷயம். எனக்கு ஜலதோஷம் வந்தால் மூக்கு குளிரில் நடுங்கும். ஒரு ராஜ மூக்குக்கு ஒரு சால்வை போர்த்தினால் அதுவும் குற்றமா? அக்கா புடவையைத் திருடவில்லை. பட்டறையில் துடைப்பதற்கென்று எடுத்து வந்தேன், துடைக்க மனம் வரவில்லை, மெஷின் அலமாரியில் மடித்து வைத்தேன். அவ்வளவுதான்.

இப்போது உன் மேஜையில் இருக்கும் மூன்று மகாராணிகளுக்கு வருவோம். மூன்றாவது அழகியைத் திருப்பி அனுப்பிவிடு. கதவை மட்டும் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் சுவர் எழுப்ப மறந்த வீடு அது. இரும்புப் பிசிறுக்குக் கதவைத் தட்டும் மரியாதையெல்லாம் கிடையாது. பட்டை வைத்தவள் அமிலம், பெயின்ட் ஊற்றுகிறவர்களுக்கு. முதலாமவள் மற்ற எல்லாருக்கும். கிரைண்டரில் நிற்கிறவர்களுக்கு அதன்மேல் முகத்தை மூடும் கவசமும் கொடு, கண்ணாடிக்குப் பதிலாக அல்ல, கண்ணாடியோடு சேர்த்து. பவர் கண்ணாடி போட்டிருப்பவர், ‘எனக்குத்தான் ஏற்கெனவே கண்ணாடி இருக்கே’ என்பார். அது எழுத்துப் படிக்க, இது இரும்பைத் தடுக்க என்று சொல். கீறல் விழுந்த கண்ணாடியை யாரும் போட மாட்டார்கள், கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொள்வார்கள். உடனுக்குடன் மாற்றிக் கொடு.

முக்கியமான ஒன்று. எல்லாரையும் வரிசையாக நிறுத்து. ஒவ்வொருவர் மூக்கிலும் மாட்டிவிட்டுக் குனியச் சொல். நெற்றிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உன் விரல் நுழைகிறதா என்று பார். உன் முகத்தில் போட்டுப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதே.

இது ஊருக்குச் சொல்லும் புத்தி. நமக்கு இது கிடையாது. நமக்குத்தான் ஒரே அச்சு ஆயிற்றே.

கடைசியாக ஒன்று: இந்தக் கடிதத்தில் வரிகள் மலை ஏறி இறங்கினால் கவலைப்படாதே. மேஜைக்கு ஒரு கால் குட்டை. நேற்று அதன்மேல் வைத்த டம்ளர் அடுத்த தெருவரை உருண்டு போனது.

இப்படிக்கு,
சால்வை போர்த்திய மூக்கின் சொந்தக்காரர்


ஜூலை 5

மாமா,

நீங்கள் சொன்னபடி எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன். முதல் கண்ணாடியை நானே மாட்டிக் காட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. “பாத்தீங்களா, அசையுதா?” என்று தலையை ஆட்டிக் காட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்து பாலிஷ் போடும் அக்கா. மாட்டிக்கொண்டார்.

“குனிங்கக்கா.”

குனிந்தார். கண்ணாடி வழுக்கிக்கொண்டு வந்து உதட்டில் நின்றது.

“என்னம்மா இது, வாய்க்குப் போடற கண்ணாடியா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “இன்னொரு தடவை நல்லா ஏத்திப் போடுங்கக்கா” என்றேன்.

“ஏத்துனா மட்டும் நின்னுடுமா? உனக்கு மூக்கு கத்தி மாதிரி எழும்பி நிக்குது, அது புடிச்சுக்குது. எனக்கு மேடே இல்லையே, எதுல நிக்கும்? இரு, இதுக்கு என்கிட்ட வைத்தியம் இருக்கு.”

மேஜையில் கிடந்த துடைக்கும் துணியில் ஒரு துண்டைக் கிழித்தார். கண்ணாடியின் மூக்கு இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். மாட்டிக்கொண்டார். நின்றது. “இப்பப் பாரு” என்றார். பிறகு கிரைண்டர் முன்னால் குனிகிற மாதிரி குனிந்து நிமிர்ந்தார். துணி நகர்ந்தது. கண்ணாடி இறங்கியது. புருவத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் என் விரல் தாராளமாக உள்ளே போயிற்று.

நான் போய்ப் பெயின்ட் டின்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பின்னாலேயே வந்து, “நான் தமாஷுக்குச் சொன்னேம்மா, உன் மூக்கைக் குத்தம் சொல்லலை” என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

வீட்டுக்கு வந்து போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அம்மா நடுவில், நீங்களும் நானும் இரண்டு பக்கமும் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு நிற்கிறோமே, அது. எத்தனை தடவை பார்த்திருப்பேன். நேற்றுத்தான் மூக்கை மட்டும் பார்த்தேன். உங்கள் மூக்குக்கு மேடே இல்லை. அம்மாவுக்கு அந்தப் பக்கம் என்னுடையது தனியாக நிற்கிறது. இத்தனை வருடம் எனக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

எனக்குத் தெரியும், நான் அம்மா எடுத்து வளர்த்த பிள்ளை. அம்மாவே சொல்லியிருக்கிறார், அதில் ஒளிவுமறைவு கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அதைச் சொல்லிக் காட்டினாள். நான் அழவில்லை. “எங்க மாமா மூக்கைப் பாரு, என் மூக்கைப் பாரு” என்றேன். அவள் நம்பவில்லை என்று வீட்டில் வந்து சொன்னேன். மறுநாள் நீங்கள் பட்டறையை மூடிவிட்டு, கிரீஸ் கையோடு பள்ளி வாசலுக்கு வந்தீர்கள். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, “நல்லாப் பாத்துக்க பாப்பா, காசுல அடிச்ச ராஜா ராணி மாதிரி இருக்கோமா இல்லையா?” என்று அவளைக் கேட்டீர்கள். அவள் தலையாட்டினாள். அன்றைக்கப்புறம் யாரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கண்ணாடி வாங்கிய அன்று உங்களைக் கடைக்குக் கூட்டிப்போயிருக்கலாம். கடைக்காரர்கூட, “போடறவங்களைக் கூட்டிட்டு வாங்களேன்” என்றார். “தேவையில்லீங்க, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு” என்றேன். அவர் சிரித்தார். “பொருந்தலைன்னா கொண்டாங்க, மாத்தித் தரேன்” என்றார்.

பொருந்தவில்லை என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருந்தால் மறுநாளே மாற்றியிருப்பேனே மாமா. ஏன் சொல்லவில்லை?

இன்னும் ஆர்டரில் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் வாயால் வராமல் போட மாட்டேன்.

மேஜைக் கால் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிய வரியின் மேலேயே மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. அந்த இன்னொரு கண்ணுக்கு என்ன?

மூக்கு ஒன்றில்லை, அப்படித்தானே? ஆமாம் என்று எழுதிவிடுங்கள். நான் உடைந்துபோக மாட்டேன். (இதுவும் பொய்.)

உங்கள் அக்கா மகள்


ஜூலை 19

அம்மாடி,

இந்த முறை வரிகள் நேராக இருக்கும். ஏமாந்துவிடாதே. ஸ்டீல் ஸ்கேலைத் தாளில் அழுத்தி வைத்து, அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் வெல்டர் ஸ்கேலை நகர்த்தி வைக்கிறான். ராஜாவுக்குச் சாமரம் வீசுகிற மாதிரி என்று சொன்னேன். “வாயை மூடிக்கிட்டு எழுதுய்யா” என்கிறான்.

உன் கடிதத்தை அவன்தான் படித்தான். அந்தப் பாலிஷ் போடும் அக்கா துணி கிழித்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டான். “நீயே படிச்சுக்க, என்னால ஆகாது” என்று தாளை என் கையில் திணித்தான். “படிக்க முடிஞ்சா உன் கழுதைக் குரலை எதுக்குடா கேக்கறேன்?” என்றேன். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பார்த்தான். நான் அது இருக்கும் திசையில் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் மீதியைப் படித்து முடித்தான்.

கேட்டதற்குப் பதில். கண்ணாடி போட்டிருந்தேன். தினமும் போட்டேன். நீ பெட்டியைப் பிரித்து, “எனக்குக் கச்சிதமா இருந்துச்சு மாமா, ஒரே மூக்குன்னு கடைக்காரர்கிட்டயே சொல்லிட்டேன், உங்களுக்கும் அப்படியேதான் இருக்கும்” என்று என் முகத்தில் மாட்டிவிட்டாய். அந்த நொடியே வழுக்கியது. தலையை அண்ணாந்துகொண்டு, “அடடா, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கே!” என்று ஷெட்டுக் கூரை அதிர முழங்கினேன். நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்புக்கு அப்புறம், ‘இது வேற மூக்குக்கு வாங்கினதும்மா’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கண்ணாடியை மாற்றிவிடலாம். நீ கடைக்காரரிடம் சொன்னதை எப்படி மாற்றுவது? அதனால் அக்கா புடவையில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றினேன்.

அன்று குனிந்து டூலைத் தீட்டினேன். துணி நகர்ந்தது, கண்ணாடி இறங்கியது. கை இரண்டிலும் வேலை. கண்ணாடியின் விளிம்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பிசிறு மேல் பக்கத்துச் சந்து வழியாக வந்தது. லென்ஸ் உத்தமமான லென்ஸ். நீ வாங்கியதில் ஒரு குறையும் இல்லை. அதன்கீழே இருந்த மூக்குதான் மோசடி.

இப்போது போய்க் கையெழுத்துப் போடு. முதல் கண்ணாடிதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு வேண்டாம். மூக்குப் பட்டையை நகர்த்தி வைக்கிற மாதிரியும் வருகிறது, கேட்டு வாங்கு. பாலிஷ் போடும் அக்கா சுற்றிய துணியை இன்றைக்கே உன் கையால் அவிழ்த்துவிடு. நின்ற மாதிரி இருக்கும். நிற்காது.

மற்ற கண். அடிபட்டதை எடுத்துவிடலாம், விட்டுவைத்தால் நல்ல கண்ணும் அதோடு சேர்ந்து கெடலாம் என்று டாக்டர் அப்போதே சொன்னார். மாட்டேன் என்றேன். காரணத்தைக் கேட்காதே. நீ கோபம் தணிந்து வரும்போது என் முகம் முழுசாக இருக்கட்டும் என்று ஒரு கிழட்டு அகம்பாவம் என்று வைத்துக்கொள். அதிலும் போய் உன் குற்றத்தைத் தேடாதே, அது முழுக்க முழுக்க என் சொந்தத் தயாரிப்பு. மருந்து நடக்கிறது. வெளிச்சம் தெரிகிறது. வெல்டர் பற்றவைத்தால் எனக்கு விடிகிறது, நிறுத்தினால் இருட்டிவிடுகிறது. ஒரு நாளைக்கு எத்தனையோ விடியல். எந்தச் சக்கரவர்த்திக்கு இது வாய்த்திருக்கிறது?

வார்டில் கத்தியதை எங்கே வைப்பேன் என்று கேட்டிருந்தாய். எங்கேயும் வைக்காதே. எனக்கு அது வேண்டும். அன்று அத்தனை பேர் முன்னால் அப்படிக் கத்த, வேறு யாருக்கு என்மேல் உரிமை இருந்தது?

மூக்குக் கணக்கை முடித்துவிடுவோம். ஆமாம், ஒன்றில்லை. உன்னுடையது கத்தி. என்னுடையது மாவு உருண்டையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தியது. வளைந்தது ஷெட்டின் ஷட்டர் இடித்து. நாலு பேர் இழுத்தது பொய். பாதியைப் பிய்த்தது பொய். அக்கா உன்னைக் கொண்டுவந்த அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ‘யார் ஜாடையோ, யார் ஜாடையோ’ என்று மூலைக்கு மூலை முணுமுணுத்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். உனக்கு உடனடியாக யாராவது ஒரு ஜாடை கொடுத்தாக வேண்டியிருந்தது. என்னிடம் கொடுப்பதற்கு இருந்தது இந்த மூக்கு ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டேன்.

ஒருவரும் நம்பாத கதை சொல்வதாகக் கிரீஸ் டப்பாமேல் சத்தியம் செய்திருந்தேன். அந்தச் சத்தியத்தில் ஒரு சின்னப் பழுது இருக்கிறது. அந்தக் கதையில் ஒரு துளி மட்டும் நடந்தது. முணுமுணுப்பு கேட்டுக்கொண்டிருந்தபோது அக்கா உன்னை என் கையில் கொடுத்தாள். நீ கையை நீட்டி என் மூக்கைப் பிடித்தாய்.

யாரும் இழுக்கவில்லை. நீயாகவும் விடவில்லை.

மாமா